மலத்தில் உதிரும் கலங்களும் பெருங்குடற் புற்றுநோயும்: ஓர் ஆய்வுகூட அனுபவம்

கொழும்பில் தனியார் ஆய்வுகூடமொன்றின் கலவியல் பிரிவில், அதாவது உடலின் கலங்களை (செல்களை) நுணுக்குக்காட்டியில் ஆராயும் பிரிவில், நீண்ட காலம் பணியாற்றியவள் நான். கருப்பை வாய்க்குப் பெப் பரிசோதனை செய்வதுபோலக் குடலிலிருந்து உதிரும் கலங்களையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லிவிட முடியாதா என்று, மாதிரி கொடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். மிகவும் நியாயமான கேள்வி அது.

பெருங்குடலின் உட்சுவரில் உள்ள மேலணிக் கலங்கள் நான்கைந்து நாள்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவதால், பழைய கலங்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் கழன்று மலத்தோடு சேர்கின்றன. புற்றுக் கட்டியிலிருந்தும் கலங்கள் அவ்வாறே கழல்கின்றன. ஆனால் பக்டீரியாக்களும் நொதியங்களும் நிறைந்த அந்தச் சூழலில் அவை விரைவில் சிதைந்து, கலத்தின் கருவுடைய வடிவத்தைப் பார்த்து முடிவு சொல்லும் எங்களுக்கு உதவாத நிலையை அடைந்துவிடுகின்றன. அதனால் 1950களில், பெப் பரிசோதனையை உருவாக்கிய பப்பனிக்கொலாவ் உட்பட, இதில் ஈடுபட்டவர்கள் குடலை முதலில் சுத்தப்படுத்திவிட்டு, உப்பு நீரால் கழுவியெடுத்த திரவத்திலிருந்தே கலங்களைத் தேடினார்கள். உழைப்பு மிகுந்த அந்த முறை, 1960களின் இறுதியில் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவியான கொலனோஸ்கோப் வந்து, சோதனைக்குச் சதைத் துணுக்கையே எடுக்க (பயொப்சி) முடிந்த பிறகு, மெல்ல வழக்கொழிந்தது.

வடிவம் அழிந்தாலும் டி.என்.ஏ. ஓரளவு எஞ்சுகிறது. புற்றுநோயாளரின் மலத்தில் புற்றுநோயோடு தொடர்புடைய, மாற்றமடைந்த ராஸ் என்னும் பரம்பரை அலகைக் (ஜீனைக்) கண்டறியலாம் என்று 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வழியில் வளர்ந்த மல டி.என்.ஏ. சோதனைக்கு 2014இல் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 10,000 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், அது புற்றுநோயுள்ளவர்களில் நூற்றுக்கு 92 பேரைக் கண்டுபிடித்தது. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தை மட்டும் தேடும் சோதனை 74 பேரைக் கண்டுபிடித்தது. ஆனால் புற்றாக மாறக்கூடிய முன்னேறிய பொலிப்புகளில் (குடற்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிகளில்) டி.என்.ஏ. சோதனை கண்டது 42 சதவீதத்தை மட்டுமே. எல்லோரும் 92ஐப் பேசுகிறார்கள். நான் இந்த 42ஐயே நினைவில் வைத்திருக்கச் சொல்வேன், ஏனெனில் பொலிப்பாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் அது புற்றுநோயாவதற்கே இடமில்லை.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் வெள்ளவத்தையைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். மனைவியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பெற வந்தவர், "பிள்ளை, என்ர மலச் சோதனையிலயும் ஒண்டும் இல்லையெண்டு வந்திட்டுது. மூலத்தால இரத்தம் போறதுதான் இன்னும் நிக்கேல்லை" என்றார். விசாரித்தபோது, பல மாதங்களாக இரத்தம் போவதும், உடல் மெலிந்ததும், மலம் மெலிதாகப் போவதும் தெரியவந்தன. அவர் செய்திருந்தது மறைந்த இரத்தத்தைத் தேடும் சோதனை. கட்டிகளிலிருந்து எப்போதும் இரத்தம் கசிவதில்லை. கசியாத நாளில் எடுத்த மாதிரி எதுவும் இல்லை என்றுதான் சொல்லும். "ஐயா, இந்தச் சோதனை ஒரு குறியும் இல்லாத ஆக்களுக்குச் செய்யிறது. உங்களுக்கு இரத்தம் கண்ணுக்கே தெரியுது, நீங்கள் சத்திரசிகிச்சை வைத்தியரிட்டத்தான் போக வேணும்" என்று மனைவியின் முன்னிலையிலேயே சொன்னேன். அந்த அம்மா தாமதிக்கவில்லை.

கொலனோஸ்கோபியில் குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதி கருவி நுழைய முடியாத அளவுக்கு ஒடுங்கியிருந்தது. அப்படி ஒடுங்கிய இடங்களில் சிறு தூரிகையால் கலங்களைத் தேய்த்தெடுப்பதுண்டு. அவருடைய தூரிகை மாதிரி பயொப்சியோடு எங்கள் மேசைக்கே வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிய கலங்கள், அளவில் ஒன்றோடொன்று ஒவ்வாத, கருமையாகச் சாயமேறிய பெரிய கருக்கள். புற்றுக் கலங்களின் அடையாளங்கள் இவை. பயொப்சியும் அதையே உறுதிப்படுத்தியது. சத்திரசிகிச்சையின்போது நிணநீர்க் கணுக்களிலும் நோய் காணப்பட்டதால், பின்னர் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்தேற்றிக்கொண்டார்.

பெற்றோருக்கு இந்நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, பெற்றோருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரோ, எது முந்தியதோ அப்போதிருந்து கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அறிவுரை. அந்தப் பெரியவருடைய மூத்த மகன் செய்துகொண்டார். நாற்பதைக் கடந்த இளையவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் டி.என்.ஏ. சோதனை தனக்குப் போதாதா என்று கேட்டார். அது குடும்பத்தில் நோய் வரலாறு இல்லாதவர்களுக்கென வகுக்கப்பட்டது என்பதையும், பொலிப்புகளில் பாதிக்கு மேல் அதற்குத் தப்பிவிடும் என்பதையும் விளக்கினேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அடுத்த வாரம் நானே அழைத்துக் கேட்கவிருக்கிறேன்.