லவ் கேக்: போன பதிவின் தொடர்ச்சி

பழைய சமையல் புத்தகங்களில் இறாத்தல் கணக்கில் இருக்கும் லவ் கேக்கை (ரவையும் கஜுவும் போடும் இலங்கைக் கேக்) எப்படிச் செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்துவிட்டேன், அருமையாக வந்தது! பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரு இறாத்தல் ஏறக்குறைய 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம். அது போதும். ரவையை லேசாக வறுத்து, சூட்டோடு பட்டரில் ஊறவிடச் சொன்னீர்களே, அதுதான் விஷயமே. கஜுவை (முந்திரிப்பருப்பை) மாவாக அரைக்காமல் கொத்திப் போடுங்கள், பல்லில் கடிபட வேண்டும். பன்னீர் (ரோஜா நீர்), ஏலக்காய், கறுவா, தேன் எதையும் விடாதீர்கள். 150 பாகை செல்சியஸில் மெதுவாக வேகட்டும். மேலே மொறுமொறுவென்று பழுப்பாக இருக்கும். வெட்டினால் உள்ளே ஈரமாகக் கத்தியில் ஒட்டும். வேகவில்லை என்று பயப்பட வேண்டாம், இந்தக் கேக் அப்படித்தான்.

அப்புறம், ஹில்டா டொய்ட்ரம் தொகுத்து 1929இல் முதலில் வந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் புத்தகத்தின் பழைய பதிப்பு கொழும்பு மருதானையில் கிடைத்துவிட்டது! ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘முட்டை சிறிதென்றால் ஒன்று கூடப் போடு’ என்று எழுதியிருக்கிறார்கள். அச்சிட்ட குறிப்பைவிட எனக்கு அது பெரிய சொத்து.

அடுத்து நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) புரூடர் என்ற கேக். நடுவில் குழாய் வைத்த பழைய அச்சு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.