அப்பாவின் பெட்டகம் திறக்கவில்லை: திருகோணமலைக்கு வந்து திறந்து தரக்கூடியவர்கள் இருக்கிறார்களா?

உப்புவெளி மகள்:

வணக்கம். அப்பா காலமாகி முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. அவருடைய பெட்டகத்தின் இரகசிய இலக்கம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரியோடு எல்லாக் கடதாசிகளும் போயின. அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி எடுக்க அப்பா கந்தோர் கந்தோராக அலைந்தார். அதற்குப் பிறகுதான் கொழும்பில் இந்தப் பெட்டகத்தை வாங்கிவந்து, உள் அறையில் நிலத்தோடு சேர்த்து இறுக்கினார். முழங்கால் உயரம் இருக்கும். நான்கு பேர் சேர்ந்துதான் தூக்கி வைத்தார்கள். முன்னால் இலக்கப் பலகையும் ஒரு கைப்பிடியும் இருக்கின்றன. காணி உறுதி, அம்மாவின் கடவுச்சீட்டு, நாங்கள் 1990இல் இடம்பெயர்ந்தபோது பாட்டி மடியில் கட்டிக்கொண்டு போன சில படங்கள், எல்லாம் அதற்குள்தான்.

அம்மா சொன்ன திகதிகளைப் போட்டுப் பார்த்தோம். முதலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு சத்தம் மட்டும் கேட்டது. இப்போது எதை அழுத்தினாலும் அசைவே இல்லை. பக்கத்தில் உள்ள வெல்டிங் கடைக்காரர் கிரைண்டரால் ஒரு மணி நேரத்தில் வெட்டித் தருகிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா பொறுக்கச் சொல்கிறார். அம்மா தினமும் அந்த அறை வாசலில் போய் நிற்கிறார். என்ன செய்யலாம்?

கிண்ணியாவிலிருந்து:

சகோதரி, முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது என்பதால் பற்றரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். விளக்குக்கு வேண்டிய மின்சாரம் கொஞ்சம்தான். உள்ளே பூட்டை இழுக்கும் காந்தச் சுருளுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

தம்பலகாமம்:

எங்கள் மாமா வீட்டிலும் இப்படி நடந்தது. கிரைண்டர் போட்டு அரை மணியில் திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

பழைய பூட்டுத் தொழிலாளி:

தங்கச்சி, தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். நான் கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் பெட்டகங்கள் திருத்தியவன், இப்போது ஓய்வு. இப்படி வெட்டி முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பலகாமம் தம்பி சொல்வது அவருடைய மாமாவின் பெட்டிக்குச் சரியாக இருக்கலாம். அது வெறும் தகரப் பெட்டியாக இருந்திருக்கும். உங்களுடையது முழங்கால் உயரத்துக்கு நான்கு பேர் தூக்கும் பாரம் என்றால், அது பெரும்பாலும் தீ தாங்கும் பெட்டகம். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே சீமெந்து போன்ற கலவை நிரப்பியிருப்பார்கள். வெட்டும்போது தகடு பழுக்கச் சூடாகும், பொறி உள்ளே பறக்கும், கலவை தூளாகி எல்லாவற்றிலும் படியும். கடதாசிக்காகச் செய்த பெட்டகத்தைத் தீயில் வைத்துச் சோதிக்கும்போது, உள்ளே சூடு 177 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரங்களில் ஒன்று. அதற்கு மேல் போனால் கடதாசி கருகத் தொடங்கும். கிரைண்டருக்குப் பதிலாக ஒட்சிசன்-அசற்றலின் வாயுவால் வெட்டினாலோ, அந்தச் சுவாலை 3000 பாகையைத் தாண்டும். படங்களுக்கு அவ்வளவு சூடு கூடத் தேவையில்லை, வெகு முன்னரே சுருண்டு ஒட்டிக்கொள்ளும். பாட்டி மடியில் கட்டிக் காப்பாற்றிய படங்களை நாமே எரிக்கக் கூடாது.

கண்ட இடத்தில் ட்ரில் போடுவதும் ஆபத்து. தரமான பெட்டகங்களில் பூட்டுக்கு முன்னால் கடினமான உருக்குத் தகடு இருக்கும், சிலவற்றில் ஒரு கண்ணாடித் தகடும் இருக்கும். அந்தக் கண்ணாடி உடைந்தால் வில்லில் பிடித்து வைத்திருக்கும் வேறு தண்டுகள் பாய்ந்து கதவை இன்னொரு முறை பூட்டிவிடும். பிறகு சரியான இலக்கம் கிடைத்தால்கூடத் திறக்காது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் இலக்கம் போடுவதை நிறுத்துங்கள். சில தடவை பிழையாகப் போட்டால் இந்தப் பூட்டுகள் சில நிமிடங்களுக்குத் தாமாகவே செயலிழக்கும். அந்த நேரத்தில் மறுபடி மறுபடி அழுத்தினால் சில மாதிரிகளில் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு புதிய அல்கலைன் பற்றரி போடுங்கள். பெரும்பாலும் 9 வோல்ட் சதுரப் பற்றரியாக இருக்கும். மலிவான பற்றரி வேண்டாம். நீங்கள் கடற்கரையோரம் இருப்பவர்கள் என்பதால் பற்றரி பூட்டும் முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். பென்சில் அழிக்கும் றப்பரால் தேய்த்தாலே போய்விடும்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. கைப்பிடியை வெளியே இழுத்துக்கொண்டு இலக்கம் போடாதீர்கள். உள்ளே கடதாசிக் கட்டு கதவை முட்டிக்கொண்டிருந்தாலும், கைப்பிடியில் பாரம் இருந்தாலும், பூட்டின் சிறு முள் அழுந்தி நின்றுவிடும். கதவை உள்பக்கமாகத் தள்ளி, கைப்பிடியைப் பூட்டும் பக்கம் சற்றுத் திருப்பி விட்டுவிட்டு இலக்கம் போடுங்கள். மேலே தட்டிக்கொண்டே திருப்பச் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்ய வேண்டாம், முள் வளைந்துவிடும்.

இலக்கப் பலகைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா? அதன் கீழே அவசரத் திறப்புக்கான துவாரம் இருக்கலாம். பார்த்துச் சொல்லுங்கள்.

உப்புவெளி மகள்:

அண்ணா, நன்றி. பற்றரி மாற்றியதும் பலகைக்கு உயிர் வந்துவிட்டது. முனைகள் நீங்கள் சொன்னபடியே பச்சையாக இருந்தன. ஆனால் அம்மா சொன்ன எந்தத் திகதிக்கும் திறக்கவில்லை, சிவப்பு விளக்குதான். மூன்று தடவையோடு நிறுத்திவிட்டேன்.

மூடியும் இருக்கிறது. அதன் கீழே வட்டமாக ஒரு துவாரம். அதற்குரிய திறப்புகளை அப்பா எங்கே வைத்தார் என்பதுதான் தெரியவில்லை. மேசை லாச்சி, சாமி அறை, அவருடைய பழைய தோல் பை எல்லாவற்றிலும் தேடிவிட்டோம்.

பழைய பூட்டுத் தொழிலாளி:

அனேகமாகப் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும். வாங்கிய அன்று உறையோடு உள்ளே போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை. துவாரம் இருப்பது நல்ல செய்தி. தெரிந்தவர் வந்தால் அந்த வழியாகவே, வெட்டாமல் துளைக்காமல் திறக்க இடம் இருக்கிறது. வழி இல்லாமல் போனால்கூட அவர் அளந்து பார்த்து விரல் தடிப்புக்கும் குறைவாக ஒரு துளை போடுவார். ஒரு மெல்லிய கமராவை விட்டுப் பூட்டைப் பார்த்துத் திறப்பார். பிறகு அந்தத் துளையைக் கடின உருக்கால் அடைத்துவிடுவார். பெட்டகம் பழையபடி பாவிக்கலாம்.

ஆளைத் தேடும் வழி: பெட்டகத்தை விற்ற நிறுவனம் இன்னும் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நகரத்தில் உள்ள நகைக்கடைக்காரர்களிடம், அவர்களுடைய பெட்டகங்களை யார் வந்து திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். வங்கிக் கிளையிலும் விசாரிக்கலாம். தெருவில் திறப்பு வெட்டிக் கொடுப்பவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் பெட்டக வேலை வேறு.

தொலைபேசியில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பெட்டகத்தின் பெயர்ப் பலகை, உயரம், பூட்டின் படம் எல்லாம் கேட்பார். பெட்டகம் யாருடையது, அதற்கு என்ன அத்தாட்சி என்றும் கேட்பார். அதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காதவரை வீட்டுக்குள் விடாதீர்கள். எவருடைய பெட்டகத்தையும் எவருக்கும் திறந்து கொடுப்பவர் நாளை உங்கள் வீட்டுக்கும் வேறு ஒருவரோடு வரக்கூடியவர்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆகவே பயணச் செலவு, திறக்கும் கூலி, புதிய பூட்டு மாற்றினால் அதன் விலை, திறக்க முடியாமல் போனால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். துளை போட வேண்டி வந்தால் உங்களைக் கேட்ட பிறகே போட வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

மகள், ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால் இரண்டு விடயம் சொல்கிறேன்.

காணி உறுதியை நினைத்து அம்மாவைக் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் நாட்டில் நொத்தாரிசு முடிக்கும் உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூலம் உரிமையாளரிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு, மற்றொன்று நொத்தாரிசின் கோவையில். உறுதி இலக்கமும் திகதியும் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கடலுக்குப் பிறகு உங்கள் அப்பா அலைந்து எடுத்ததும் அப்படித்தான் இருக்கும். ஆகவே அவசரப்பட்டு வெட்ட வேண்டிய தேவை உறுதியால் வரவில்லை.

இரண்டாவது. இறந்தவரின் பெட்டகத்தை ஒரு பிள்ளை மட்டும் நின்று திறப்பது நல்லதல்ல. உங்கள் வீட்டில் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லவில்லை. பிரச்சினை வராமல் இருக்கத்தான் சொல்கிறேன். அண்ணாவிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். திறக்கும் நேரம் அவர் காணொளி அழைப்பில் இருக்கட்டும். அம்மா பக்கத்தில் இருக்கட்டும், வெளியாள் ஒருவர் சாட்சியாக நிற்கட்டும். உள்ளே இருப்பதை அப்போதே பட்டியல் எழுதி எல்லாரும் கையொப்பம் இடுங்கள். வருபவருக்குக் காட்ட மரணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றையும் எடுத்து வையுங்கள். சொத்தைப் பிரிப்பதும் மாற்றுவதும் வேறு விடயம், அதற்குச் சட்டத்தரணியிடம் போங்கள்.

நிலாவெளி வாசி:

அக்கா, ஒரு வேண்டுகோள். ஆள் வரும் நாளையும் பெட்டகத்தின் தொடர் இலக்கத்தையும் இங்கே எழுத வேண்டாம். படமும் போட வேண்டாம். வீட்டில் அம்மாவும் நீங்களும் மட்டும்தானே.

தம்பலகாமம்:

மாமாவிடம் கேட்டேன். அவருடையது வெறும் இரும்புப் பெட்டிதான், ஒரு ஆள் தூக்கலாமாம். உள்ளே இருந்த சேமிப்புப் புத்தகத்தின் ஓரம் கருகியது என்றும் இப்போதுதான் சொல்கிறார். என் பேச்சைக் கேட்டு வெட்டிவிடாதீர்கள்.

உப்புவெளி மகள்:

பத்து நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். பெட்டகம் திறந்துவிட்டது.

ஒரு நகைக்கடை ஐயா தந்த தொலைபேசி இலக்கத்தில், பெட்டகம் திருத்துபவர் ஒருவரோடு பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, பெட்டகம் யாருடைய பெயரில் வாங்கியது என்பதுதான். பூட்டுத் தொழிலாளி அண்ணா இங்கே எழுதியது நினைவுக்கு வந்து அப்போதே நிம்மதியாகிவிட்டது. எழுத்தில் விலை அனுப்பினார். விடியற்காலையில் வான் வண்டியில் வந்து இறங்கினார். கடிதங்களை எல்லாம் வாசித்துப் பார்த்த பிறகுதான் கருவிப் பையைத் திறந்தார்.

துவாரத்தின் வழியாகவே செய்தார். நாற்பது நிமிடம் இருக்கும். வெட்டவுமில்லை, துளைக்கவுமில்லை. கைப்பிடி திரும்பிய சத்தம் கேட்டதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார், கனடாவில் அண்ணாவும். அவசரத் திறப்புகள் இரண்டும் உறை பிரிக்காமல் உள்ளேதான் இருந்தன. இலக்கம் எழுதிய துண்டும் அதே உறையில், அப்பாவின் கையெழுத்தில். எங்களுடைய எந்தத் திகதியும் இல்லை. அப்பா முதன்முதலில் வேலைக்குப் போன நாளாக இருக்கலாம் என்று அம்மா நினைக்கிறார்.

வந்தவர் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டு, கதவு திறந்திருக்கும்போதே புதிய இலக்கத்தை மூன்று தடவை பரிசோதிக்கச் சொன்னார். திறப்பு ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொன்னார். சித்தியிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். கடதாசிகள் எல்லாம் நமுத்துப்போய் ஈரமாக இருக்கின்றன, உறுதியின் மூலையில் பூஞ்சணம். கடல் நீர் பட்ட பெட்டகம் இல்லையே, ஏன் இப்படி?

பழைய பூட்டுத் தொழிலாளி:

திறந்த செய்தியை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், தங்கச்சி.

தீ தாங்கும் பெட்டகத்தின் கலவைக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது. தீ பிடித்தால் அந்த நீர் ஆவியாகித்தான் உள்ளே சூட்டைக் குறைக்கிறது. அதே கலவை சாதாரண நாளில் சிறிது சிறிதாக ஈரம் விடும். அதோடு நம் ஊர்க் காற்றையும் சேருங்கள். கடதாசிகளைப் பொலித்தீன் பைக்குள் ஈரத்தோடு அடைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வையுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை கதவைத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்கள். இப்போது வெயிலில் காய வைக்க வேண்டாம், மை வெளிறும். நிழலில், மெல்லிய காற்றில். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து இழுக்காதீர்கள். அப்படியே வைத்து, படம் திருத்தத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

உப்புவெளி மகள்:

முன் அறையில் மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு எல்லாவற்றையும் பழைய பத்திரிகைகள் மேல் விரித்திருக்கிறோம். இரண்டு படங்கள் மட்டும் ஒட்டியிருக்கின்றன, தொடவில்லை. அம்மா கதிரையைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கடதாசி பறக்காமல் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கூழாங்கல் வைக்கிறார்.