5,800 ரூபாய் ஷூ 9 மாதத்தில் போச்சு, 1,700 ரூபாய் ஷூ இன்னும் உழைக்கிறது: எங்கே தப்பு?

ராம்நாடு ரெப்:
எல்லாருக்கும் வணக்கம். மருந்து கம்பெனியில் ரெப். வீடு உச்சிப்புளி, வேலை மாவட்டம் முழுக்க, வண்டி பைக். கறுப்பு ஷூ, இன் பண்ணிய சட்டை, டை மூன்றும் கட்டாயம். (மே மாத மண்டபத்தில் டை கட்டிக்கொண்டு நிற்கிற கொடுமைக்குத் தனி இழை போட்டு அழுதுகொள்கிறேன்.)

என்னிடம் மூன்று ஜோடி. முதல் ஜோடி மதுரையில் வாங்கியது, 5,800 ரூபாய், உள்ளே ‘ஜென்யூன் லெதர்’ என்று முத்திரை. ஜனவரியில் வாங்கினேன். அக்டோபருக்குள் விரல் மடங்குகிற இடத்தில் கறுப்பு செதில் செதிலாக உரிந்து, வலது கால் நுனியில் சோல் வாயைத் திறந்து, குதிங்கால் பக்கம் பின்சுவர் தொளதொளவென்று மடிந்துவிட்டது. இரண்டாவது ஜோடி ராமநாதபுரம் கடைத்தெருவில் 1,700 ரூபாய். 14 மாதம் ஆகிறது. பளபளப்பு போய்விட்டது, கழற்றினால் நாற்றம் ஆளைத் தூக்கும், ஆனால் ஓர் இடத்தில்கூடப் பிய்யவில்லை.

மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது. 2019-இல் என் கல்யாணத்துக்கு எடுத்தது, மொத்தம் மூன்று தடவை போட்டிருப்பேன். பெட்டியோடு பீரோ மேல் பத்திரமாக இருந்தது. போன வாரம் மச்சினன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலிருந்து மணமேடை போவதற்குள் பின்னால் வந்த அக்கா மகன் “மாமா, உங்க ஷூ கேக் மாதிரி உதிருது” என்கிறான். திரும்பிப் பார்த்தால் சிவப்புக் கம்பளம் நெடுக கருப்பட்டித் தூள் சிந்தினாற்போலக் கறுப்புக் கட்டிகள். போட்டோவுக்கு மாமனாரின் செருப்பில் நின்றேன்.

சந்தேகம் இதுதான்: 5,800 ரூபாய் ஷூ போலியா? போடாத ஷூ எப்படிக் கெடும்? அடுத்து 6,000-க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

வாடைக்காத்து:
அண்ணே, ராமேஸ்வரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஷூ போடுவதே தப்பு. கோயில், கடல், கிளினிக், மூன்று இடத்திலும் கழற்றித்தான் ஆக வேண்டும். ரப்பர் செருப்புக்குக் கம்பெனியில் மனுப் போடுங்கள்.

ஆம்பூர் கட்டிங்:
ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ தொழிற்சாலைகளில் 17 வருஷம் ஓட்டியவன். கல்யாண ஷூவிலிருந்து வருகிறேன், அதற்குத்தான் விடை நிச்சயமாகத் தெரியும்.

அது பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன். உள்ளே பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழி உள்ள நுரை. எடையே தெரியாது, மெத்தென்று இருக்கும். அதனால் விலை கூடிய ஷூவிலும் போடுவார்கள். இதில் எஸ்டர் வகை பி.யூ.வுக்குக் காற்றிலுள்ள ஈரம்தான் எமன். நீராவி உள்ளே போய் மூலக்கூறுப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். சூடு கூடினால் வேகமும் கூடும். கடலோர வீடு, பீரோ மேல், மூடிய அட்டைப்பெட்டி: நீங்கள் பத்திரப்படுத்தவில்லை தம்பி, வேக வைத்திருக்கிறீர்கள். அச்சில் வார்த்த நாளிலிருந்து அதற்கு வயது ஓடிக்கொண்டிருக்கிறது. கடையிலேயே இரண்டு மூன்று வருஷம் கிடந்த சரக்கைத் தள்ளுபடியில் எடுத்தால் அந்த வயதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிப்பு விடும், பிறகு உதிரும். ஒட்டிப் பயனில்லை. மேல் பாகம் நன்றாக இருந்தால் பழைய சோலை முழுக்கச் சுரண்டிவிட்டு வேறு சோல் ஏற்றலாம்.

5,800 ஷூவுக்கு ஒரு வேலை செய்யுங்கள். லேஸுக்கு அடியில் நாக்கு இருக்கிறதல்லவா, அதன் மடிக்காத ஓரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். மற்ற ஜோடிக்கும் அதே.

தொண்டி வாத்தியார்:
நான் ஷூக்காரன் இல்லை, அறிவியல் வாத்தியார். ஒரு கேள்வி. எந்த ஷூவை எந்தக் கிழமை போட்டீர்கள்? அப்புறம் பின்சுவர் மடிந்தது எப்படி? நடந்தால் அந்த இடம் மடியாதே.

ராம்நாடு ரெப்:
ஆம்பூர் அண்ணே, பார்த்தேன். 5,800 ஷூவின் ஓரத்தில் மேலே பால் ஆடை மாதிரி மெல்லிய படலம், நகத்தால் நெம்பினால் தனியாக வருகிறது. அடியில் பஞ்சு போல நார் நாராக இருக்கிறது. 1,700 ஷூவில் நாரே இல்லை. அடிப்பக்கம் துணி நெசவு தெரிகிறது!

சார், திங்கள், வியாழன், சனி ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம். பெரிய டாக்டர்கள் என்பதால் 5,800. பரமக்குடி, முதுகுளத்தூர் நாட்களில் 1,700. பின்சுவர் விஷயம்... கிளினிக் வாசலில் எல்லாரும் கழற்றுகிற மாதிரி நானும் கழற்றுவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அவசரத்தில் லேஸை அவிழ்க்காமல் காலைத் திணித்து, குதிகாலால் மிதித்துத்தான் போடுவேன்.

தொண்டி வாத்தியார்:
அப்படியானால் உங்கள் ஒப்பீடே செல்லாது. ஒன்றைக் கடலோரத்துக்கு அனுப்பினீர்கள், மற்றதைக் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களுக்கு. பாம்பனைத் தாண்டும்போது பைக் கண்ணாடியைத் துடைத்து விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் வாடை அடிக்கிற மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும் உப்புத் தூவானம் வரும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு. 1914-இல் திறந்த இரும்புப் பாலமே நூறு வருஷத்துக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டியது. உங்கள் ஷூ எம்மாத்திரம்?

உப்புக்குக் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் குணம் உண்டு. தோலில் ஏறிய உப்பு காலையில் ஈரமாகும், மத்தியானம் காய்ந்து படிகமாகும். இப்படி மாறி மாறி நடக்கும்போது நார் விறைத்துப்போகும். விறைத்த நாரை வண்டி கியரில் ஆயிரம் தடவை மடக்கினால் மேல் படலம் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆம்பூர் கட்டிங்:
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் தோல் மேலும் குற்றம் இருக்கிறது. மாட்டுத்தோல் தடிமனானது, எந்திரத்தில் கொடுத்து அடுக்காகப் பிளப்பார்கள். மயிர்க்கால் உள்ள மேல் அடுக்கு கிரெய்ன், அதில் நார் நெருக்கம். கீழ் அடுக்கு ஸ்பிளிட், நார் தளர்ச்சி. ஸ்பிளிட் மேல் பி.யூ. படலம் ஒட்டி மயிர்க்கால் அச்சும் போட்டுவிட்டால் கடை விளக்கில் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் பார்த்த பால் ஆடை அதுதான். ‘ஜென்யூன் லெதர்’ என்ற முத்திரை பொய் என்று வழக்குப் போடவும் முடியாது, ஸ்பிளிட்டும் தோல்தானே.

1,700 ஷூ சுத்த ரெக்சின். துணி மேல் பிளாஸ்டிக். உப்பு உள்ளே இறங்க வழியில்லை, வியர்வை வெளியே போகவும் வழியில்லை. அந்த நாற்றத்துக்குக் காரணம் அதுதான். சந்தோஷப்படாதீர்கள், ரெக்சின் நாளுக்கு நாள் தேயாது. நன்றாக இருப்பது போலவே இருந்து ஒரே மாதத்தில் மொத்தமாக உரியும்.

கடையில் சோதிக்க விரலே போதும். முன்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கிரெய்ன் தோலில் விரலைச் சுற்றி ரேகை ரேகையாக மெல்லிய சுருக்கம் விழுந்து எடுத்ததும் மறையும். படலம் போட்டதில் ஒரே மொத்தமான குழி விழும். கண்ணாடி போலப் பளபளக்கிற ஷூவைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். தழும்பையும் பூச்சிக்கடியையும் மறைக்கத்தான் பெரும்பாலும் அவ்வளவு பூச்சு.

கீழக்கரைக் காக்கா:
இருபது வருஷம் துபாயில் துணி, ஷூ கடையில் நின்றவன். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவில் சின்னச் சின்னப் படம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், நம்மூரிலும் ஏற்றுமதி ரகம் சிலவற்றில் பார்க்கலாம். மேல் பாகம், உள் லைனிங், சோல் என்று மூன்று வரிசை. விரித்த ஆட்டுத்தோல் மாதிரி உருவம் இருந்தால் தோல். அந்த உருவத்துக்குள் ஒரு வைரக்கட்டம் இருந்தால் பூச்சு ஏற்றிய தோல். வலை மாதிரி இருந்தால் துணி. வெறும் வைரக்கட்டம் என்றால் மற்றது எல்லாம், அதாவது ரப்பர், ரெக்சின் வகை. நிறைய பேர் மேல் பாகத்தை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். லைனிங் தோலாக இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி, கால் வியர்வையை வாங்குவது அதுதான்.

நான் சொல்வேன், குட்இயர் வெல்ட் ஷூ ஒன்று வாங்கிவிடுங்கள். சோல் தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

ஆம்பூர் கட்டிங்:
காக்கா, வெல்ட் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. மேல் பாகத்தையும் இன்சோலையும் (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற அடுக்கு) ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையில் சோலைத் தனியாகத் தைப்பது. ஆனால் 6,000-க்குள் தேடினால் பெயருக்கு வெல்ட் கிடைக்கும், தோலில் கைவைத்திருப்பான். முறையாகச் சோல் மாற்ற எந்திரம் உள்ள ஆளைத் தேடி ராமநாதபுரத்திலிருந்து எங்கே போவது? இவருக்கு கிரெய்ன் தோல், டி.பி.ஆர். சோல் (சூட்டில் உருக்கி வார்க்கிற ரப்பர் வகை), பக்கவாட்டில் உண்மையான தையல் போதும்.

பரமக்குடி ஷூ ரிப்பேர்:
‘உண்மையான தையல்’ என்பதற்குக் கீழே கோடு போடுங்கள். சோல் ஓரத்தில் நூல் ஓடுகிற மாதிரி அச்சிலேயே வார்த்திருப்பார்கள், அழகுக்கு. ஊசியால் நூலை நெம்பிப் பார்த்தால் தெரியும், அசையாது.

5,800 ஷூவின் வாயைத் தைத்துவிடலாம். ஆனால் ஒட்டுகிற முறை முக்கியம். பழைய பசையை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவ வேண்டும், விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், அதற்குப் பிறகுதான் சேர்த்துத் தட்ட வேண்டும். ஈரமாகவே அமுக்கிக் கொடுக்கிறவன் ஒட்டியது அடுத்த மழைக்கு வாயைத் திறக்கும். ஒட்டிய பிறகு நைலான் நூலில் சுற்றுத் தையல். ஆணி அடிக்க விடாதீர்கள். உங்கள் பக்கத்துக் காற்றில் ஆணி துருப்பிடித்துச் சுற்றிலும் தோலைத் தின்றுவிடும். பின்சுவருக்குள் இருக்கிற அட்டை நொறுங்கியிருக்கும், அது அவ்வளவுதான்.

வாடைக்காத்து:
எங்கள் வீட்டில் ஷூவுக்குத் தேங்காய் எண்ணெய்தான். தலைக்கும் அதே.

ஆம்பூர் கட்டிங்:
தலைக்குச் சரி. தோலில் எண்ணெய் அளவில்லாமல் இறங்கினால் தொளதொளத்துப்போகும், மண் ஒட்டும், மேலே பாலிஷ் நிற்காது. உப்பு வெள்ளைக்கோடு தெரிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். போகாவிட்டால் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, மறுபடி வெறும் தண்ணீர்த் துணி. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். தாள் நமுத்ததும் மாற்றுங்கள். வெயிலிலோ வண்டி சைலன்சர் பக்கத்திலோ வைத்தால் தோல் கருவாடாகிவிடும். காய்ந்த பிறகு ஷூ கிரீம். உப்பைத் துடைக்காமல் மேலே பாலிஷ் போடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது. நேற்றுப் போட்டதை இன்று போடாதீர்கள், ஒரு ராத்திரியில் உள் ஈரம் காயாது.

தொண்டி வாத்தியார்:
லேஸ் கட்டாயமா? நாளைக்குப் பன்னிரண்டு தடவை கழற்றுகிறவருக்கு லேஸ் எதற்கு?

ராம்நாடு ரெப் (ஆறு வாரம் கழித்து):
திரும்ப வந்துவிட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

மேனேஜரிடம் கேட்டேன். கறுப்பு, மூடிய ஷூ, அவ்வளவுதான் விதியாம். நான்கு வருஷமாக லேஸோடு மாரடித்திருக்கிறேன்! கட்டைவிரல் அழுத்தம், நாக்கு ஓரம், ஊசி மூன்றையும் சோதித்து, பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த ஜோடி ஒன்று 3,900-க்கு எடுத்தேன். லைனிங்கும் தோல்தான். கடைக்காரர் ஊசியைப் பார்த்ததும் “தம்பி ஷூ வாங்க வந்தீங்களா, ஊசி போட வந்தீங்களா” என்றார்.

வாத்தியார் சொன்னதற்காக ஒரு சோதனையும் செய்தேன். 1,700 ஷூவை ராமேஸ்வரம் பக்கம் போட்டேன். மழைக் காலம் வேறு. உப்புக்கோடு வந்தது, துடைத்ததும் போய்விட்டது. ஆனால் ஐந்தாம் வாரம் சுண்டுவிரல் பக்கம் மடிப்பில் கறுப்பு உரிந்து வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கிறது. ஆம்பூர் அண்ணன் நாக்கு கருநாக்கு.

கல்யாண ஷூவைப் பிளேடால் பிளந்தேன். சோல் ஊறிப்போன ரஸ்க் மாதிரி, விரலில் நசுக்கினாலே மாவாகிறது. நடுவில் வளைவைத் தாங்குகிற இரும்புப் பட்டை முழுக்கத் துரு. மேல் தோல் மட்டும் நேற்று வாங்கினது போல இருக்கிறது. கிரெய்ன் தோலேதான், நாக்கு ஓரத்தைப் பார்த்தேன். பரமக்குடி அண்ணனிடம் டி.பி.ஆர். சோல் ஏற்றக் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை வாங்க வேண்டும்.

5,800 ஷூவை ஒட்டித் தைத்து, மழை நாளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். புது ஜோடியின் பின்சுவரும் அப்படி மடியாமல் இருக்க நீளக் காம்புக் கரண்டி ஒன்றைப் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஷூ மாட்ட அதைத்தான் குதிகாலில் வைத்துக்கொள்கிறேன். சமையலறையில் கரண்டி குறைவது இன்னும் வீட்டில் தெரியாது.

பரமக்குடி ஷூ ரிப்பேர்:
கரண்டி ஸ்டீலா, இரும்பா தம்பி? இரும்பென்றால் லைனிங்கில் துருக்கறை ஏறும். புதன்கிழமை வாருங்கள், பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்திருக்கிறேன், 30 ரூபாய். கரண்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.