அம்மாவின் சான்றிதழில் மாமா பெயர்

இறப்புச் சான்றிதழில் தப்பு விழுந்து அலைந்தவர்கள் நம் குழுப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

2017-ல் அம்மா தவறினாள். தாமிரபரணிக் கரையில் ஊர். வீட்டில்தான் உயிர் போனது. நானும் தம்பியும் காரியங்களில் இருந்ததால், "21 நாளுக்குள்ள பதிஞ்சிட்டா காசு இல்ல, நான் போயிட்டு வாரேன்" என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனார். படிவத்தை அங்கே இருந்தவர் நிரப்பினார். மாமாவுக்குக் கண்ணில் புரை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அம்மா பெயரையும் தேதியையும் பார்த்தேன். இரண்டும் சரி. மடித்து பீரோவில் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கப் போனபோது, தாலுகா அலுவலகத்தில் ஒரு அம்மா அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, 'தந்தை / கணவர் பெயர்' வரியில் விரலை வைத்தார். "இது உங்க அப்பாவா?"

அது மாமாவின் பெயர். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் வரவேண்டியது மேலே ஏறியிருந்தது. கூடப்பிறந்த அண்ணனைப் போய் அம்மாவுக்குக் கணவர் என்று அரசாங்க முத்திரையோடு அச்சடித்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மனு நிற்கும் என்ற கவலை அப்புறம்தான் வந்தது. மாமாவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சொல்லி மாமாவுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் மனிதர் சோற்றில் கை வைக்கவில்லை. "எந் தங்கச்சிக்கு நான் செஞ்ச கடைசி காரியம்லா எய்யா அது" என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. நிரப்பியவர் ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தால் போதும்.

திருத்துவதற்கு வழி தெரியாமல் ஒரு மாதம் வீணாய்ப் போனது. கோர்ட்டுக்குப் போகணும் என்றார் ஒருவர். கெஜட்டில் போடணும் என்றார் இன்னொருவர். எங்களுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, அதன் 15-ஆவது பிரிவிலேயே வழி இருக்கிறது. வெறும் எழுத்துப்பிழை என்றால் பதிவாளரே (எங்கள் ஊரில் வி.ஏ.ஓ.தான்) விசாரித்துத் திருத்தலாம். எங்களுடையதுபோல விஷயமே மாறியிருந்தால், உண்மை தெரிந்த நம்பகமான இரண்டு பேர், எது தப்பு, எது சரி என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார், என் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்தேன். அத்தை டிரங்குப் பெட்டியைக் குடைந்து அம்மாவின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். மஞ்சள் தடவிய மூலைகளைப் பூச்சி அரித்திருந்தது, மடிப்பில் கிழிசல். மணமகன் என்ற இடத்தில் அப்பா, பெண் வீட்டார் வரிசையில் மாமா. அவரவர் இடத்தில் இருந்தார்கள். அதை அலுவலகத்தில் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

சாட்சிக்குத் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அடுத்த வீட்டு ஆச்சி. ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. "உங்கம்ம கழுத்துல உங்கப்பன் தாலி கட்டும்போது குலவை போட்டவ நான். எங்கன கைநாட்டு வைக்கணும், சொல்லு" என்றாள். நோட்டரி முன்னால் 20 ரூபாய்ப் பத்திரத்தில் வைத்தாள்.

அதற்குள் பழைய வி.ஏ.ஓ. மாறிப் போய், சின்ன வயதுக்காரர் ஒருவர் வந்திருந்தார். விசாரணைக்குப் பிறகு எங்களை வரச்சொல்லி, பதிவேட்டைத் திறந்து, பழைய வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் அப்பாவின் பெயரை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். மாமா குனிந்து பார்த்தார். "அப்போ எம் பேரு அழியாதா சார்?"

"அழிக்கச் சட்டத்துல இடமில்ல ஐயா. பழசு அப்படியே இருக்கும், அது தப்புன்னு நான் எழுதினதும் பக்கத்துலயே இருக்கும். சான்றிதழ்ல சரியானதுதான் வரும்."

மாமா அந்த ஓரக் குறிப்பை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும், இன்னொரு தடவை வாசிங்க என்றார். அவரும் முகம் சுளிக்காமல் வாசித்தார்.

சங்கரன்கோவில் உறுப்பினர்:

எங்களுக்கு வந்தது தப்பே இல்லாத தப்பு. அப்பா 2015-ல் இறந்தார். சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதற்குப் பிறகு பணம் வாங்கப் போன இடத்தில், "உங்க முகவரி தென்காசி மாவட்டம், இதுல நெல்லைன்னு இருக்கு, திருத்தி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இறந்த அன்றைக்கு எங்கள் ஊர் நெல்லை மாவட்டம்தானே? அதை மாற்றினால்தான் பொய்யாகும். மேலாளரைப் பார்த்து, இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். இந்த மாதிரி சொன்னால் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

நாங்குநேரி உறுப்பினர்:

என் பெரியப்பா பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். பெயர் முத்து என்று முடியும். தமிழில் சரி, ஆங்கிலத்தில் டி-க்குப் பின்னால் வரவேண்டிய எச் விட்டுப்போய்விட்டது. நாங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடமே மூன்று நடை நடந்தோம். சொந்த ஊர் எதுவானாலும், உயிர் போன இடத்தில்தான் பதிவு. பதிவான இடத்தில்தான் திருத்தம். இது முதலிலேயே தெரிந்திருந்தால் பெரியம்மாவை அந்த வெயிலில் அலைய வைத்திருக்க மாட்டேன். ஒரு சந்தேகம்: பழைய நகலை ஏற்கெனவே பேங்கில் கொடுத்திருந்தால் என்ன செய்வது?

முதலில் எழுதியவர்:

நானும் ஒரு இடத்தில் கொடுத்திருந்தேன். திருத்தியதை ஒரு கடிதத்தோடு கொடுத்து, பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெயரை ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இனிஷியலையும் பாருங்கள்.

புதிய சான்றிதழில் மாமாவும் ஒரு நகல் கேட்டு வாங்கினார். அடுத்த வருடம் புரை எடுத்த பிறகு, அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துவரச் சொன்னாராம். அத்தை சொன்னார்.