அப்பாவின் பிரான்ஸ் வங்கிக் கணக்கு: வாரிசுச் சான்றிதழை ஏற்க மறுக்கிறார்கள், அவசரம்

புதுவை_மகள்: அப்பா பிப்ரவரியில் காலமானார். பிரான்ஸில் அவருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை அனுப்பினோம். செல்லாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. வெளிநாட்டுச் சொத்துக்கு ஏதோ சர்வதேச ஒப்பந்தம் உண்டாமே? தயவுசெய்து யாராவது உடனே சொல்லுங்கள்.

கடலூர்க்காரன்: உண்டு. 1973 ஹேக் ஒப்பந்தம். இறந்தவரின் அசையும் சொத்தை நிர்வகிக்கும் உரிமை இன்னாருக்கு என்று ஒரே சான்றிதழ் தருவார்கள். அதற்கு விண்ணப்பியுங்கள், வேலை முடிந்தது.

பழைய_குமாஸ்தா: 1993இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் இருப்பவை போர்ச்சுக்கல், செக் குடியரசு, ஸ்லோவாக்கியா. பிரான்ஸும் இல்லை, இந்தியாவும் இல்லை. எங்கே விண்ணப்பிக்கச் சொல்கிறீர்கள், லிஸ்பனிலா? தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஆலோசனை சொல்லாதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

நெல்லித்தோப்பு: சகோதரி, அப்பா எந்த நாட்டுக் குடிமகன்? கடைசியாக எங்கே வசித்தார்? உயில் உண்டா? கணக்கில் எவ்வளவு இருக்கிறது?

புதுவை_மகள்: பிரெஞ்சுக் குடியுரிமை, ராணுவ ஓய்வூதியம். பல வருடங்களாகப் புதுச்சேரியில்தான் இருந்தார். உயில் இல்லை.

சட்டப்பித்தன்: அப்படியானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 விதிமுறை. 2015 ஆகஸ்ட் 17 முதல் நேர்ந்த மரணங்களுக்குப் பொருந்தும். பொதுவிதிப்படி, குடியுரிமையைப் பார்ப்பதில்லை. கடைசியாக நிலையாக வசித்த நாட்டின் சட்டம்தான். நோத்தேரும் (பிரான்ஸில் வாரிசுப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) இங்குள்ள சட்டத்தைப் பார்த்துத்தான் வாரிசு யார் என்று எழுத வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் என்றால் மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி இருக்கிறாரா?

வில்லியனூர்: அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் குடும்பம் ரெனோன்சானா? 1881 பிரெஞ்சு ஆணைப்படி, மத, சாதி வழக்கத்தைச் சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தவர்களுக்குப் புதுச்சேரியிலேயே பிரெஞ்சு சிவில் சட்டம்தான்.

பழைய_குமாஸ்தா: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரெல்லாம் ரெனோன்சான் ஆகிவிட மாட்டார். 1962இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் வேறு, 1881 துறப்பு வேறு. இதைக் குழப்பாதவர்கள் ஊரில் பத்துப் பேர் தேற மாட்டார்கள்.

வில்லியனூர்: ஐயா, என் கொள்ளுத்தாத்தா கையெழுத்திட்டவர். அப்போது சூட்டிக்கொண்ட பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இன்னும் என் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. எனக்குப் பாடம் வேண்டாம்.

கடலூர்க்காரன்: அப்போஸ்தில் முத்திரையும் ஹேக் ஒப்பந்தம்தானே? அதில் இந்தியா 2005இல் சேர்ந்துவிட்டதே!

பழைய_குமாஸ்தா: அது 1961 ஒப்பந்தம். காகிதத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் மெய் என்று மட்டும் சொல்லும். வாரிசு யார் என்று சொல்லாது. விட மாட்டீர்களா ஹேக்கை?

நெல்லித்தோப்பு: சகோதரி, தொகையை இன்னும் சொல்லவில்லை. சிறிய தொகைக்கு நோத்தேரிடம் போகாமலே முடிக்கலாம். 5,000 யூரோவில் தொடங்கிய வரம்பு, அவ்வப்போது சற்று உயர்த்துகிறார்கள். அதற்குள் இருந்தால், உயில் இல்லை, வேறு வாரிசு இல்லை, தகராறு இல்லை என்று எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு, இறப்பு, பிறப்புச் சான்றிதழ்களோடு அனுப்பலாம். அப்பா பெயரில் வீடு, நிலம் இருந்தால் மறுக்கக்கூடும். பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். மாமா கணக்கை முடித்தபோது, அத்தையின் பிறப்புப் பதிவில் பிரெஞ்சுப் பாணியில் இரண்டு ‘எஸ்’, ஆதாரில் ஒரே ‘எஸ்’. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதி, பிரெஞ்சில் மொழிபெயர்த்து அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது.

புதுவை_மகள்: 3,100 யூரோதான். வீடு அம்மா பெயரில். பாட்டி இருக்கிறார், கைநாட்டுதான் வைப்பார். வங்கி ஏற்குமா?

நெல்லித்தோப்பு: நோட்டரி முன்னிலையில் வைக்கச் சொல்லி, அப்போஸ்தில் வேண்டுமா என்று வங்கியிடமே எழுதிக் கேளுங்கள்.

வில்லியனூர்: இதற்காகத்தான் கேட்டேன். ரெனோன்சான் என்றால் பிள்ளைகள் இருக்கும்போது பாட்டிக்குப் பங்கே கிடையாது, கைநாட்டும் வேண்டாம்.

பழைய_குமாஸ்தா: அதை பிரான்ஸில் இருக்கும் வங்கி எழுத்தருக்கு யார் புரியவைப்பது, நீங்களா?

வில்லியனூர்: சகோதரி, பதில் சொல்லுங்கள். ரெனோன்சானா, இல்லையா?