செங்கோட்டை பிரானூர் பார்டர் பக்கம் முப்பத்தைந்து பேருக்கு இரவுச் சாப்பாடு: எப்படிப்பட்ட கடை பார்க்கலாம்?

செங்கோட்டைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா அரசு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. மே 31-ஆம் தேதியோடு ஓய்வு பெறுகிறார். பள்ளியில் நடக்கும் பாராட்டு விழா தனி. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சொந்தக்காரர்களும் அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்களுமாக முப்பத்தைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மண்டபம், சமையல்காரர், பந்தல் எல்லாம் கூடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் பிள்ளைகளுக்காக ஓடிய ஓட்டத்துக்கு, அன்றைக்கு ஒரு நாளாவது யாரும் அவரை எழுப்பி வேலை வாங்காமல் உட்கார வைக்க வேண்டும்.

மாமா இரண்டு பேரும் கேரளத்தில், புனலூரில் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்தானே. கணவாய்க்கு அந்தப் பக்கம் பாதிக் குடும்பம் இருப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் இல்லாவிட்டால் மாமாக்களுக்கு இங்கே வந்த மாதிரியே இருக்காது. டீச்சர்களில் ஆறேழு பேர் சுத்த சைவம். ஆச்சிக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. எந்தக் கடை என்று பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்லுங்கள்.

சாரல்காற்று:

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் தங்கும் விடுதிகளில் தனி ஹால் கிடைக்கும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்கும். புரோட்டாவை மட்டும் பார்டரில் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது.

கல்லாப்பெட்டி:

தங்கச்சி, பார்சல் யோசனையை மட்டும் விட்டுவிடும்மா. நான் தென்காசியில் எங்கள் சித்தப்பா கடையில் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன். புரோட்டா கல்லில் இருந்து இறங்கி, தட்டி, இலையில் விழுகிற சூட்டில் சாப்பிட வேண்டிய பண்டம். பொட்டலத்துக்குள் வேர்த்து ஐந்தருவி போய்ச் சேரும்போது ரப்பர் மாதிரி இழுக்கும். புனலூரில் இருந்து மலையேறி வருகிற மனுஷனுக்கு அதைக் கொடுக்கலாமா?

முதலில் கிழமையை மாற்று. ஜூனில் சாரல் விழுந்துவிட்டால் சனிக்கிழமை ராத்திரி குற்றாலம் வந்த கூட்டம் அத்தனையும் பார்டரில்தான் நிற்கும். உனக்கென்று ஒதுக்கிய மேசையைக் கடைக்காரரே நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. சனிக்கிழமை கவிச்சி தொடாத அத்தை, மைனி எத்தனை பேர் என்று வீட்டில் ஒரு தடவை கேட்டும் பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியூர் வண்டிகள் ஊர் திரும்ப ஆரம்பித்துவிடும். ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டரைக்குள் முடியும், மாமாக்களும் ரொம்ப நேரமாகும் முன்னே கணவாயைத் தாண்டிவிடலாம்.

அப்புறம் கல். இரண்டு பேர் போய்ச் சாப்பிட்டு ருசி பார்த்துவிட்டுக் கடையை முடிவு செய்யாதே. முப்பத்தைந்து பேர், ஆளுக்கு மூன்று என்றால் நூறு புரோட்டாவுக்கு மேல். வாசலில் பார்சலுக்கும் அதே மாஸ்டர், அதே கல் என்றால் கடைசி மேசைக்காரர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எத்தனை கல், அன்றைக்கு எத்தனை மாஸ்டர், உங்கள் ஆட்களுக்கென்று ஒரு கல்லைத் தனியாக விடுவார்களா என்று கேள். யோசித்துப் பதில் சொல்கிறவரை நம்பு. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சிரிக்கிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதே. குழந்தைகளுக்கும் ஆச்சிக்கும் முதலில் இடியாப்பமோ ஆப்பமோ போய்விட்டால் கல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும். முந்தின நாளே கிலோ கணக்கில் சொல்லிவிடு. காடை நினைத்த நேரத்தில் பொரித்துத் தருவார்கள், அதற்குப் பயமில்லை.

சைவ டீச்சர்கள் விஷயத்தை லேசாக விடாதே. அசைவக் கடையில் சால்னா என்றால் பெரும்பாலும் கோழியோ ஆடோ கொதித்த சால்னாதான். "வெஜ் குருமா இருக்கு" என்பார்கள், கரண்டி ஒன்றாக இருக்கும். பக்கத்து சைவ ஓட்டலில் சப்பாத்தி, குருமா, பொங்கல் சொல்லி, அதே ஹாலில் தனி மேசை போட்டுக்கொள்ளக் கடைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேள். வருடக்கணக்காக உன் அம்மாவோடு வகுப்பெடுத்தவர்கள் தயிர்சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது.

மேக்கரை மைனி:

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். கீழ்த்தள அறையா, கழிப்பறைக்குப் படி இருக்கிறதா, உட்காரும் கம்மோடு உண்டா என்று நீயே நேரில் போய்ப் பார். என் மாமியாருக்கு எண்பது வயது விருந்து வைத்தோம். கீழ் ஹால் என்று பேசி அட்வான்ஸ் வாங்கியவர்கள், கடைசி நேரத்தில் டூரிஸ்ட் பஸ் கூட்டத்தைக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். அத்தையை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினோம். அவர் முகம் சுருங்கிப் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. எந்த அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கு.

பிரானூரில் மரமில் லாரிகள் நிற்கிற ரோடு அது. வேன் நிற்க இடம், வயசானவர்கள் ரோட்டைக் கடக்காமல் இறங்க இடம், இரண்டையும் பார்த்துக்கொள்.

கணக்கர்:

பில் பற்றி மட்டும் சொல்கிறேன். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சொல்கிற விலை வரியோடா, வரி தனியா என்று பேசும்போதே கேளுங்கள். காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் கடை உங்களிடம் வரி வசூலிக்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் பரிமாறும் பையன்களுக்கு அன்றைக்கு வேலை இரட்டிப்பு. அவர்கள் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள்.

செங்கோட்டைப் பொண்ணு:

அண்ணாச்சி, மைனி, கணக்கர் ஐயா, ரொம்ப நன்றி. அத்தை சனிக்கிழமை அசைவம் தொட மாட்டார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு என்று மாமாக்களிடம் சொல்லிவிட்டேன், சம்மதம். கீழ்த்தளத்தில் தனி அறை உள்ள இரண்டு கடைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு கல் இருக்கிறது, ஆனால் அறைக்குக் கதவு இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் டீச்சர்கள் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். கொத்துப் புரோட்டா சத்தத்தில் காதில் விழுமா?

கல்லாப்பெட்டி:

இரண்டு கல் இருக்கிற கடையையே எடு. பேச்சை ஆறரைக்கே வைத்துக்கொள், அந்த நேரம் கொத்து அவ்வளவாக ஆரம்பித்திருக்காது. பேசி முடிகிற வரைக்கும் கொத்துப் போட வேண்டாம் என்று மாஸ்டரிடம் நீயே நேரில் போய்ச் சொல். டீச்சரம்மாவுக்கு என்று சொன்னால் போதும், அவர் பிள்ளையும் அதே பள்ளியில் படித்திருக்கலாம்.