எஞ்சின் சூடான பிறகும் ஐடில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) 1600 ஆர்பிஎம்-ல் நிற்கிறது, ஐஏசி வால்வை (ஐடிலுக்கான காற்றைக் கட்டுப்படுத்துவது) மாற்றணுமா?

வெள்ளைக்கார்
2010 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், கேபிள் த்ராட்டில் (காற்று வழியை மூடித் திறக்கும் தட்டைக் கேபிள் இழுக்கும்), 78,000 கி.மீ. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 1500, அதில் குறை இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் 1600-லேயே நிற்கிறது. சில சமயம் 1100-க்கும் 1800-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. செக் எஞ்சின் லைட் எரியவில்லை. போன மாதம் த்ராட்டில் பாடியைக் கழற்றி கிளீன் பண்ணியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. மெக்கானிக் ஐஏசி வால்வை மாற்றச் சொல்கிறார்.

பத்தாம்நம்பர்ஸ்பேனர்
அவசரப்படாதீங்க சார். இந்த 1600-ஐ ஈசியூவே (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்கிறதா, இல்லை ஈசியூவை மீறி நடக்கிறதா என்று முதலில் பிரிச்சுப் பாருங்க. ஸ்கேனரில் கூலன்ட் டெம்பரேச்சரையும் ஐஏசி ஸ்டெப்பையும் (வால்வு எவ்வளவு திறக்கணும் என்ற எண்; பூஜ்யம் என்றால் மூடியது) எடுங்க. எஞ்சின் கொதிக்கும்போது ஸ்கேனர் 30 டிகிரி காட்டினால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி ஈசியூதான் ஐடிலை ஏற்றி வைத்திருக்கிறது. கூலன்ட் சென்சார் பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டர் வையுங்க: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு வரணும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்பதை மட்டும் நம்பாதீங்க, பல வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சார்.

டெம்பரேச்சர் சரியாக இருந்து, ஸ்டெப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தும் 1600 என்றால் காற்று வேறு வழியில் போகிறது. வால்வு மாற்றிப் பிரயோஜனமில்லை.

கரிப்புகை
கடைசி வரியில் ஒரு திருத்தம். ஸ்டெப் எண் ஈசியூ கொடுத்த உத்தரவுதான். வால்வு நிஜமாகவே மூடியதா என்று திருப்பிச் சொல்ல அதில் சென்சார் கிடையாது. கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கியிருந்தாலும் பூஜ்யம் காட்டும். ஏர் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போதே த்ராட்டில் தட்டுக்கு முன்னால் இருக்கும் ஐஏசி துவாரத்தை விரலால் அடைத்துப் பாருங்க. (ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக்கை போகாமல்.) ஆர்பிஎம் சட்டென்று விழுந்தால் வால்வுதான். அசையாவிட்டால் வேறெங்கோ காற்று லீக், அல்லது தட்டு முழுசா மூடவில்லை.

ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) நார்மலாக இருக்கிறதே என்று லீக்கைத் தள்ளிவிடாதீங்க. மேப் சென்சார் (எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்ட் குழாயின் அழுத்தத்தை அளப்பது) உள்ள எஞ்சினில் உள்ளே வரும் கூடுதல் காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடும், ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும். அதனால் ட்ரிம் அதிகம் மாறாது, ஐடில்தான் ஏறும். ஏறி இறங்குவதும் இதனால்தான்: ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாமல் ஆர்பிஎம் அதிகமானால் ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது, விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது.

பத்தாம்நம்பர்ஸ்பேனர்
ஒத்துக்கிறேன். கிளீன் பண்ணிய பிறகு வந்ததால், கை பட்ட இடங்களை முதலில் பாருங்க. கேபிளில் சில மில்லிமீட்டராவது தளர்வு வேணும். இறுக்கிக் கட்டியிருந்தால் தட்டு மூடாது. தட்டு எதுவரை மூடணும் என்று நிறுத்தும், பெயின்ட் வைத்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்களா? பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) மாட்டியிருக்கா? மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நெருக்குங்க, ஐடில் இறங்கினால் லீக் அந்தப் பக்கம். கடைசியாக த்ராட்டில் பாடி, மேனிஃபோல்ட் இணைப்பில் தண்ணீர் ஸ்ப்ரே. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

வெள்ளைக்கார்
கூலன்ட் 88 டிகிரி, ஸ்டெப் 0. துவாரத்தை அடைத்தால் 50 ஆர்பிஎம்கூட குறையவில்லை. கேபிள், ஸ்க்ரூ, ஹோஸ் எல்லாம் சரி. த்ராட்டில் பாடிக்கு அடிப்பக்கம் தண்ணீர் அடித்ததும் உறிஞ்சுற சத்தம், ஐடில் 900-க்கு வந்து சில விநாடியில் மறுபடி ஏறிவிட்டது.

கரிப்புகை
த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்தான். கழற்றியதையே திரும்பப் போட்டிருப்பார்கள். புதுசு வாங்குங்க, பழைய துணுக்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. சிலிக்கான் பூச வேண்டாம், பிதுங்கி உள்ளே போகும். போல்ட்டுகளைக் குறுக்காக, இரண்டு சுற்றாக இறுக்கணும். 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். பேட்டரி நெகட்டிவை 10 நிமிஷம் கழற்றி மாட்டிவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விடுங்க. பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிஷம். 750 முதல் 900-க்குள் நிற்கணும்.